ஜெர்மனியில் படிக்கிறீர்களா? சனி, ஞாயிறில் பிராக் போய்வர ஒரு வழிகாட்டி

கெம்னிட்ஸ் நகரத்துக்கு முதுகலை படிக்க வந்த முதல் செமஸ்டர், நவம்பர் மாதம். நாங்கள் நான்கு பேர் செக் நாட்டுத் தலைநகர் பிராக் கிளம்பினோம். மூன்று பேர் ஞாயிறு இரவே அறைக்குத் திரும்பிவிட்டோம். நான்காவது நண்பர் திங்கள் மதியம்தான் வந்து சேர்ந்தார். அவருடைய பாஸ்போர்ட் அறையில் மேசை டிராயருக்குள் பத்திரமாக இருந்தது. விசா ஸ்டிக்கரும் அதற்குள்தான். கையில் இருந்தது போனில் எடுத்த பாஸ்போர்ட் படமும் பல்கலைக்கழக அட்டையும் மட்டும். போகும்போது யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது எல்லை தாண்டியதும் போலீசார் பேருந்தில் ஏறினார்கள். அவரை இறக்கிக்கொண்டார்கள், பேருந்து கிளம்பிவிட்டது. அன்று இரவு அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் டிக்கெட், ஹாஸ்டல் எல்லாம் போட்டது நான். "பாஸ்போர்ட்டை எடுத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஐந்து முறை போய்விட்டேன். புதிதாக வரும் பிள்ளைகள் ஒவ்வொரு செமஸ்டரிலும் வாட்ஸாப்பில் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் சொல்வது சாக்சனிப் பகுதியிலிருந்து, அதாவது கெம்னிட்ஸ், டிரெஸ்டன், ஃப்ரைபெர்க், லைப்சிக் பக்கமிருந்து போவதற்கு. வேறு ஊரில் இருந்தாலும் காகிதம், பணம் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. முதலில் உங்கள் காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். செக் நாடு ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள் இருக்கிறது. தனி விசா வேண்டாம். ஆனால் "விசா வேண்டாம்" என்றால் "காகிதம் வேண்டாம்" என்று பொருள் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் ஏறமாட்டார்கள். உங்கள் வண்டியில் ஏறமாட்டார்கள் என்று யாரும் சொல்லவும் முடியாது.

உங்கள் நிலை கீழே உள்ள நான்கில் ஒன்றாக இருக்கும்.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய தேசிய விசா, அதாவது டி வகை விசா, இன்னும் காலாவதியாகவில்லை: தாராளமாகப் போகலாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் தங்க அனுமதிக்கும் பெர்மிட் கார்டு வந்துவிட்டது: அதே 90 நாள் கணக்குத்தான். கார்டும் வேண்டும், பாஸ்போர்ட்டும் வேண்டும். கார்டு மட்டும் போதும் என்று சீனியர்கள் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

விசா முடிந்துவிட்டது, கார்டு இன்னும் அச்சாகி வரவில்லை, கையில் எந்தத் தாளும் இல்லை: போகாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் உறுதி செய்த மின்னஞ்சல் எல்லையில் செல்லாது.

ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற தாள், அதாவது பெர்மிட் விண்ணப்பம் முடிவாகும்வரை தரும் தற்காலிகத் தாள், கையில் இருக்கிறது: இதில்தான் அதிகக் குழப்பம். அந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குறி போட்டிருந்தால் உங்கள் பழைய பெர்மிட் தொடர்கிறது என்று பொருள். அந்தத் தாள், காலாவதியான பழைய கார்டு, பாஸ்போர்ட் மூன்றையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். முதல் கட்டத்திலோ இரண்டாவது கட்டத்திலோ குறி இருந்தால், ஜெர்மனியை விட்டு வெளியே போன பிறகு திரும்ப உள்ளே வர அந்தத் தாள் உதவாது. எந்தக் கட்டம் என்று புரியவில்லையென்றால் உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பிராக் எங்கேயும் போய்விடாது.

ஒரு கூடுதல் தகவல். இதே பழக்கத்தில் லண்டனுக்கோ டப்ளினுக்கோ டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. உங்களுக்கு அரசுக் காப்பீடு இருந்தால், அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவ அட்டை அச்சாகியிருக்கும். செக் நாட்டில் அவசர சிகிச்சைக்கு அது செல்லும். தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டுக்குச் செல்லுமா, எத்தனை நாளைக்குச் செல்லும் என்று பாலிசியைப் படித்துவிடுங்கள். மொழி வகுப்புக்கென்று ஊரிலேயே எடுத்து வந்த காப்பீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

2. தேதி

சரி, காகிதம் தயார். இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் ஹாஸ்டல் விலை இரண்டு மடங்கு, சில நாட்களில் அதற்கும் மேல். அதோடு மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஈஸ்டர் வாரமும் அப்படித்தான் கூட்டம். மார்ச் நடுப்பகுதி, அக்டோபர் கடைசி, தேர்வு முடிந்த பிப்ரவரி ஆகியவை நம் பணப்பைக்கு ஏற்றவை. பிப்ரவரியில் குளிர் கடுமையாக இருக்கும். அதைத் தாங்க முடிந்தால் பிராகின் புகழ்பெற்ற சார்லஸ் பாலத்தில் நீங்கள் மட்டும் நிற்கலாம்.

இரண்டு, மூன்று வாரம் முன்பே தேதியை முடிவு செய்யுங்கள். வியாழக்கிழமை இரவு யோசித்து வெள்ளிக்கிழமை கிளம்பினால், அதே பயணத்துக்கு அறுபது எழுபது யூரோ கூடுதலாகப் போகும்.

3. போக்குவரத்துச் சீட்டு

டிரெஸ்டனிலிருந்து மூன்று வழிகள். கெம்னிட்ஸ்காரர்கள் முதலில் ஆர்.இ.3 ரயிலில் ஒரு மணி நேரத்தில் டிரெஸ்டன் வந்துவிடலாம். அதற்குப் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு வரும் உங்கள் செமஸ்டர் டிக்கெட்டே போதும்.

முதல் வழி, நேரடி ரயில். டிரெஸ்டன் ஹவுப்ட்பான்ஹோஃபிலிருந்து, அதாவது முதன்மை நிலையத்திலிருந்து, பிராக் முதன்மை நிலையம் வரை ஏறக்குறைய இரண்டேகால், இரண்டரை மணி நேரம். எல்பே ஆற்றை ஒட்டியே போகும். போகும்போது இடது பக்க ஜன்னல் கிடைத்தால் ஆறும் பாறைகளும் நன்றாகத் தெரியும். விலையை ஜெர்மன் ரயில்வே செயலியிலும் செக் ரயில்வே தளத்திலும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒரே ரயில், ஒரே இருக்கை, இரண்டு விலை. எனக்குப் பெரும்பாலும் செக் தளத்தில்தான் குறைவாகக் கிடைத்தது. முன்கூட்டியே போட்டால் ஒரு வழிக்குப் பதினைந்து இருபது யூரோவில் முடியும்.

இரண்டாவது வழி, பேருந்து. இரண்டு மணி நேரம் சொச்சம். ரயிலைவிடச் சில யூரோ குறைவு. ஞாயிறு மாலை திரும்பும் பேருந்துகள் எல்லைச் சோதனையில் மாட்டினால் அரை மணி, ஒரு மணி நேரம் தாமதமாகும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, கையிலிருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை (ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் மாதச் சீட்டு) முடிந்தவரை பயன்படுத்துவது. எஸ்1 ரயிலில் பாட் ஷாண்டாவ், அங்கிருந்து யு28 என்ற சிறு ரயிலில் டெச்சீன், அங்கிருந்து செக் நாட்டு ரயிலில் பிராக். மொத்தம் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கடைசி ஜெர்மன் நிலையம் ஷோனா. உங்கள் டிக்கெட் அதுவரைதான் செல்லும். அதற்கு அந்தப் பக்கம் டெச்சீன் வரைக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும். அதை வாங்காமல் "டிக்கெட் இருக்கே" என்று உட்கார்ந்திருந்து அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். டெச்சீனிலிருந்து பிராக் வரை கட்டணம் குறைவு. சர்வதேச மாணவர் அட்டையான ஐசிக் இருந்து, 26 வயதுக்கு உட்பட்டவராகவும் இருந்தால் அதிலும் பாதிதான். நேரம் நிறைய இருக்கிறது, கையில் காசு இல்லை என்றால் இதுவே நல்ல வழி. முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். யு28 அடிக்கடி ஓடுவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் குளிரில் நிற்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டாய்ச்லாண்ட் டிக்கெட் ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்ற தொலைதூர ரயில்கள் எதிலும் செல்லாது, தொலைதூரப் பேருந்திலும் செல்லாது. டிரெஸ்டன்–பிராக் நேரடி ரயில் இந்த வகையைச் சேர்ந்தது.

இப்போது நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல்: பெயர். நம் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். ஆனால் எல்லாத் தளங்களும் இரண்டு பெயர் கேட்கும். நான் முதல் தடவை இரண்டாவது கட்டத்தில் இன்ஷியல் மட்டும் போட்டேன். பரிசோதகர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்து, வேறொருவருடைய டிக்கெட்டா என்று கேட்டார். விளக்கிச் சொல்லிப் புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆன்லைன் ரயில் டிக்கெட் உங்கள் பெயருக்கு மட்டும்தான் செல்லும். ஆகவே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ஒற்றைப் பெயர் என்றால் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுங்கள். இன்ஷியல் வேண்டாம். சுருக்கம் வேண்டாம். நண்பர் ஒருவர் நான்கு பேருக்கும் சேர்த்துப் போடுகிறார் என்றால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படத்தை அவருக்கு அனுப்பி, போட்ட பிறகு ஒரு முறை சரிபாருங்கள். வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவர் போனிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.

மலிவு விலை டிக்கெட்டில் அந்த ஒரு ரயிலில் மட்டும்தான் ஏறலாம். கெம்னிட்ஸிலிருந்து வருபவர்கள் ஆர்.இ.3 தாமதமாகும் என்று கணக்குப் போட்டு, டிரெஸ்டனில் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். செமஸ்டர் டிக்கெட் ஒன்று, பிராக் டிக்கெட் ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக இருப்பதால், முதல் ரயிலின் தாமதத்தைக் காட்டி இரண்டாவதில் சலுகை கேட்பது கடினம்.

நண்பர்கள் கார் எடுத்துப் போகிறார்கள் என்றால், செக் நெடுஞ்சாலைக்கு மின்னணுச் சுங்கச் சீட்டு வேண்டும். எல்லையைத் தாண்டும் முன்பே வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கானதும் உண்டு, பத்து நாளைக்கானதும் உண்டு.

4. தங்கும் இடம்

பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜிஷ்கோவ், வினோஹ்ராடி, கார்லீன், ஹொலெஷோவிச்சே பகுதிகளில் நல்ல ஹாஸ்டல்கள் உண்டு. டிராமில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நகர மையம் வந்துவிடும். இரவு முழுக்க டிராம் ஓடுகிறது, தொண்ணூறுகளில் எண் போட்டவை இரவு டிராம்கள். ஆகையால் தூரம் பெரிய விஷயமில்லை. கூட்டமில்லாத மாதத்தில் எட்டுப் பேர் அறையில் ஒரு படுக்கை இருபது யூரோ சுற்றளவில் கிடைக்கும்.

நகர வரி தனி: ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா (செக் நாணயம்). இணையத்தில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்காமல் போகலாம், அங்கே போய்க் கட்டச் சொல்வார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம். வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் விவரத்தைப் பதிவு செய்வதும் அங்கே விடுதிகளின் கடமை. பதிவு முடிந்ததும் பாஸ்போர்ட் உங்கள் கைக்குத் திரும்பிவிட வேண்டும். இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெண்கள் மட்டும் தங்கும் அறை வேண்டுமென்றால் தேடும்போதே அந்த வடிகட்டியைப் போடுங்கள். வரவேற்பறை இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்றும் பாருங்கள். பத்தரை மணி ரயிலில் போய் இறங்கி, பூட்டிய கதவு முன்னால் நின்றவர்கள் உண்டு.

5. பணம்

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் யூரோ இல்லை. கொருனாதான். ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். யூரோ வாங்கும் கடைகளும் உண்டு. அவர்கள் வைக்கும் கணக்கு நமக்கு நஷ்டம்.

முதல் பயணத்தில் நான் இழந்த பணத்தை இங்கே சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணிகள் நடக்கும் தெருவில் "கமிஷன் இல்லை" என்று பெரிதாக எழுதிய ஒரு மாற்றுக் கடையில் 60 யூரோ கொடுத்தேன். 1,020 கொருனா வந்தது. அன்றைய மதிப்பில் 1,450க்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். பலகையில் பெரிதாகப் போட்டிருந்தது அவர்கள் விற்கும் விலை. வாங்கும் விலை கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அந்த வித்தியாசம் எனக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. அப்போது எனக்குத் தெரியாத ஒரு விதியை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்: 2019 முதல் அங்கே உள்ள சட்டப்படி, மாற்றுக் கடையில் மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு கொண்டுபோய் ரத்து செய்யலாம். 1,000 யூரோ வரையிலான தொகைக்கு இது பொருந்தும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

ஆனால் மாற்றவே தேவையில்லை என்பதுதான் என் முடிவு. டிராம், உணவகம், சூப்பர் மார்க்கெட் எல்லா இடத்திலும் கார்டு செல்கிறது. உங்கள் ஜெர்மன் வங்கி வெளிநாட்டு நாணயத்துக்குக் கட்டணம் எடுக்கிறதா என்று முன்பே பாருங்கள். கார்டு போடும்போது இயந்திரம் "யூரோவில் கட்டுகிறீர்களா, கொருனாவிலா" என்று கேட்கும். எப்போதும் கொருனா. ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் கொருனா. "மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா" என்று இன்னொரு திரை வந்தால் மறுத்துவிடுங்கள், பணம் எப்படியும் வரும். பணம் எடுப்பதென்றால் தெருமுனையில் தனியாக நிற்கும் இயந்திரத்தை விட்டுவிட்டு, ஒரு வங்கிக் கிளையின் சுவரில் உள்ள இயந்திரத்துக்குப் போங்கள். கழிவறைக்கும் சந்தைக் கடைக்கும் இருநூறு முந்நூறு கொருனா சில்லறையாக இருந்தால் போதும்.

தெருவில் யாராவது நெருங்கி வந்து நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்றால் நிற்காமல் நடங்கள். கொருனா என்று செல்லாத வேறு நாட்டு நோட்டைக் கையில் திணித்துவிடுவார்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? கடைசியாக நான் போனது அக்டோபரில், வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை. ரயில் போக வர 36 யூரோ. இரண்டு இரவு படுக்கையும் நகர வரியும் 46. ஊருக்குள் டிராம் 10. சாப்பாடு 32. உள்ளே நுழையும் கட்டணங்கள் 14. ஆக மொத்தம் 138 யூரோ. விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டில் மாதம் 992 யூரோதான் வருகிறது, அதில் வாடகையும் காப்பீடும் முதலிலேயே போய்விடுகிறது. எனவே 138 சின்னத் தொகை அல்ல. வேலை கிடைக்காத முதல் செமஸ்டரில் சனிக்கிழமை காலை போய் ஞாயிறு திரும்புங்கள், ஓர் இரவுக் காசு மிச்சம்.

6. முந்தைய இரவு

பாஸ்போர்ட், பெர்மிட் கார்டு, காப்பீட்டு அட்டை, மாணவர் அட்டை. இந்த நான்கையும் மேசை மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். பிறகு உள் பாக்கெட்டில். டிக்கெட்டையும் ஹாஸ்டல் உறுதிச் சீட்டையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலைப் பகுதியில் சிக்னல் போய்விடும். ஜெர்மன் சிம்மில் செக் நாட்டில் கூடுதல் கட்டணம் இல்லை, தனி சிம் வாங்க வேண்டாம். நல்ல ஷூ போடுங்கள். அந்த ஊர்த் தெரு முழுக்கக் கல் பாவியது, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவில் மதியத்துக்குள் பாதம் வலிக்கும். வீட்டில் எந்த ஊருக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிடுங்கள். அம்மா இரண்டு நாளும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

7. இறங்கியதும்

ஜெர்மனியிலிருந்து வரும் ரயில்களில் பெரும்பாலானவை முதலில் ஹொலெஷோவிச்சேயில் நிற்கும். "பிராஹா" என்று பலகையைப் பார்த்ததும் இறங்கிவிடாதீர்கள். உங்கள் தங்குமிடம் அந்தப் பக்கம் இருந்தால் மட்டும் அங்கே இறங்குங்கள். முதன்மை நிலையத்தின் பெயர் "ஹ்லாவ்னீ நாட்ராஜீ". தவறி இறங்கினாலும் கவலை வேண்டாம், இரண்டையும் சிவப்பு நிற மெட்ரோ சி இணைக்கிறது. பேருந்து பெரும்பாலும் ஃப்ளோரென்ஸ் நிலையத்துக்குப் போகும். அங்கேயும் சி வழித்தடம் உண்டு.

பி.ஐ.டி. லீதாச்கா என்ற செயலியை ஊரிலேயே இறக்கிக் கார்டை இணைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரச் சீட்டு வாங்கினால் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். அன்று இரவு வரை என்றில்லாமல் முழுதாக 24 மணி நேரம். சனி காலை பத்து மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு காலை பத்து மணி வரை வரும். 2021 முதல் சில ஆண்டுகள் அது 120 கொருனாவாக இருந்தது, பிறகு உயர்த்தியிருக்கிறார்கள். செயலியில் அன்றைய விலை தெரியும்.

காகிதச் சீட்டு வாங்கினால் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை அடிக்க வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டு இல்லாததற்குச் சமம். செயலியில் வாங்கினாலும் வண்டி ஏறும் முன்பே செயல்படுத்திவிடுங்கள். அபராதம் ஆயிரம் கொருனாவுக்குக் குறையாது. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். அடையாள வில்லையைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அறைக்குள் நுழையும் நேரத்துக்கு முன்பே போய்விட்டால் மூட்டையை ஹாஸ்டலில் வைக்கலாம், இல்லையென்றால் நிலையத்திலேயே லாக்கர் இருக்கிறது.

8. இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது

என்ன பார்க்கலாம் என்று ஆயிரம் பட்டியல் இருக்கிறது. நான் சொல்வது எதை எப்போது பார்ப்பது என்பதை மட்டும். இரண்டு நாள்தான் இருக்கும்போது வரிசை தப்பினால் ஒன்றைப் பார்க்காமலே வரவேண்டியிருக்கும்.

யூத அருங்காட்சியகமும் அதைச் சேர்ந்த தொழுகைக் கூடங்களும் சனிக்கிழமை மூடியிருக்கும், அவற்றை ஞாயிறுக்கு வையுங்கள். கோட்டைக்குள் இருக்கும் புனித வீத்துஸ் பேராலயம் ஞாயிறு நண்பகலுக்குப் பிறகுதான் பார்வையாளர்களுக்குத் திறக்கும், அதைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு இரண்டையுமே தவறவிட்டவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சார்லஸ் பாலத்துக்குச் சூரியன் உதிக்கும் நேரத்தில் போங்கள். காலை ஏழு மணிக்கு ஆற்று மேல் பனி நிற்கும், சிலைகள் கறுப்பாகத் தெரியும், பத்துப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். பதினொரு மணிக்கு அதே பாலத்தில் நம் ஊர்த் திருவிழாக் கூட்டம். பாலத்திலிருந்து அப்படியே மேலே ஏறினால் கோட்டை. கோட்டை வளாகம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும், வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. உள்ளே பேராலயத்துக்கும் பழைய அரண்மனைக்கும்தான் சீட்டு. மாணவர் அட்டைக்குச் சலுகை உண்டு. ஆனால் பல இடங்களில் 26 வயது வரை மட்டும். நம்மில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் முழுக் கட்டணத்தைக் கணக்கில் வையுங்கள். ஏற முடியாதவர்கள் 22ஆம் எண் டிராமில் போகலாம். அதில் பிக்பாக்கெட் அதிகம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரத்தில் காலை 9 மணி முதல் இரவு 11 மணி வரை, ஒவ்வொரு மணிக்கும் பொம்மைகள் வரும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம் பணப்பை திருடுபவர்களுக்கு வசதியான நேரம்.

காசில்லாமல் ஊரையே பார்க்க வேண்டுமா? மாலை லெட்னா பூங்காவின் விளிம்பில் போய் உட்காருங்கள், வரிசையாகப் பாலங்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரும். ஞாயிறு காலைக்கு, ஆற்றோரக் குன்றில் உள்ள பழைய அரண் பகுதியான விஷெஹ்ராட். கோட்டையைவிட எனக்கு அதுதான் பிடித்தது. கூட்டமில்லை, கட்டணமில்லை, ஆறு கீழே ஓடுவது தெரியும், பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம்.

9. சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஒரு எச்சரிக்கை மட்டும். சதுக்கத்துச் சந்தையில் நெருப்பில் சுடும் பன்றித் தொடைக்குப் பலகையில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு. "கொஞ்சம்" என்று கேட்டால் முந்நூறு நானூறு கிராம் வெட்டிவிடுவார்கள். கிராம் சொல்லிக் கேளுங்கள்.

சைவக்காரர்கள் "பெஸ் மசா" என்ற இரண்டு வார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் உருளைக்கிழங்கு சூப், முட்டைக்கோஸ் சூப் என்று பெயர் இருந்தாலும் எலும்புச் சாறு கலந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியது "ஸ்மஜெனீ சீர்", பாலாடைக்கட்டியைப் பொரித்தது. எண்ணெய் ஒப்புக்கொண்டால் உருளைக்கிழங்கு அடையான "பிரம்போராக்". தட்டில் எடுத்ததை எடைபோட்டுக் காசு வாங்கும் சைவ உணவகங்களும் பிராகில் உண்டு, பருப்பும் சோறும் கிடைக்கும். சுற்றுலா உணவகங்களில் கேட்காமலே மேசையில் ரொட்டிக் கூடை வைத்தால் அது இலவசம் இல்லை. தொடாமல் திருப்பிக் கொடுங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் எடுத்துப் போங்கள். ஜெர்மனியைப் போல ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, தயிர், பழம் வாங்கிக்கொண்டால் ஒரு வேளை நூறு கொருனாவுக்குள் முடியும். நாங்கள் கெம்னிட்ஸிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் அதுவே.

10. திரும்பி வருவது

ஞாயிறு கடைசி ரயிலுக்குப் போடாதீர்கள், அதற்கு முந்தையதற்குப் போடுங்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு லேப் இருப்பவர்கள் மாலை நான்கு ஐந்து மணிக்குள் பிராக்கை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். டிரெஸ்டனிலிருந்து கெம்னிட்ஸுக்கு இரவில் ரயில்கள் குறைந்துவிடும். அதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

எல்லைச் சோதனை பெரும்பாலும் இந்தத் திசையில்தான். போலீசார் வந்தால் பாஸ்போர்ட்டையும் கார்டையும் சேர்த்துக் கொடுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எங்கே படிக்கிறீர்கள், எங்கே போய் வருகிறீர்கள், அவ்வளவுதான் கேட்பார்கள். நம் நிறத்தைப் பார்த்துத்தான் நம்மிடம் மட்டும் கேட்கிறார்களோ என்று மனம் சுருங்கும். எனக்கும் சுருங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம். காகிதம் சரியாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார்கள்.

ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம். டிக்கெட் எந்தத் தளத்தில் வாங்கினீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். திருப்பித் தரவேண்டிய தொகை நான்கு யூரோவுக்குக் குறைவாக இருந்தால் தராமல் விட அவர்களுக்கு அனுமதி உண்டு. எனவே மலிவு டிக்கெட்டில் ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கையில் எதுவும் வராமல் போகலாம். இரண்டு மணி நேரத் தாமதம் என்றால் விட்டுவிடாதீர்கள், அன்றிரவே படிவத்தை நிரப்பிவிடுங்கள்.